குசினிப் படியில் விழுந்ததாகச் சொன்னோம்

என் வயிற்றில் நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கித் தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்கும் ஒரு தழும்பு இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் சைக்கிள் மோதியது என்று சொன்னால் உதட்டைக் கடித்துக்கொள்கிறார்கள். லோரி மோதியது என்றால் "ஐயையோ" என்பார்கள், மோட்டார் சைக்கிள் என்றால் உச்சுக் கொட்டுவார்கள். சைக்கிளுக்கு அந்த மரியாதை கிடையாது. அதிலும் நான் அப்போது காலில் ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன் என்று முழுவதையும் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு யாருக்காவது நடந்திருந்தால் முதலில் சிரித்திருப்பவள் நான்தான்.

கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் செருப்புக் கடையில் வேலை பார்த்தபோது ஸ்கேட் பழகினேன். விடுமுறை நாட்களில் கார் நிறுத்துமிடத்தின் மேல் மாடியில் நாலைந்து பேர் கூடுவோம். விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, ஒருநாள் விழாமல் ஒரு சுற்று வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் பள்ளியில் பரிசு வாங்கியபோதுகூட உண்டானதில்லை. கொரோனாவில் கடையை மூடினார்கள். இரண்டு பைகளோடு மலையேறி, அம்மா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். ஒன்றில் துணி, இன்னொன்றில் ஸ்கேட். அம்மா இரண்டாவது பையைத் திறந்து பார்த்தார்.

"ஒரு எடத்துல நிக்காதவளக் கால்ல சக்கரம் கட்டியிருக்கான்னு சொல்லுவாங்க. இவ காசு குடுத்து வாங்கியில்ல கட்டியிருக்கா" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். அன்று மாலைக்குள், தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைன் முழுக்க அந்தப் பேச்சுத்தான்.

கொஞ்ச நாளில் தோட்டத்துத் தேயிலைக் கடையில் வேலை கிடைத்தது. சுற்றுப்பயணிகள் வந்து தேநீர் குடித்து, பொட்டலம் வாங்கி, தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும் இடம். எங்கள் லைன் மேலே இருக்கிறது, கடை கீழே. நடுவில் தார் போட்ட ஒற்றைப் பாதை, நெடுக இறக்கம். மாலையில் வேலையாட்களின் வேன் மேலே ஏற்றிவிடும். காலையில் அந்த வேன் எந்த நேரத்துக்கு வரும் என்று வேனுக்கே தெரியாது. நான் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். தலைக்குக் கவசம், முட்டிக்குக் கவசம், முழங்கைக்கு, மணிக்கட்டுக்கு எல்லாம் கவசம். அம்மாவின் வாயை அடைக்கவே அத்தனையும் வாங்கினேன். வயிற்றுக்கு யாரும் கவசம் விற்பதில்லை.

எங்கள் பாதைக்கு ஒரு சட்டம் உண்டு. நாட்டில் எல்லாரும் இடது பக்கம் போகிறார்கள். தோட்டத்துக்குள் அது செல்லாது. இங்கே கொழுந்து ஏற்றிய வண்டி மலைப்பக்கம் போகும், காலி வண்டி பள்ளத்துப் பக்கம் ஒதுங்கும். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. மழை பெய்தால் பாதையின் ஓரம் உள்ளுக்குள் இளகிப்போகும், பாரம் ஏறினால் மண் சரிந்து வண்டியோடு போய்விடும், அதனால் வந்த வழக்கம். எதிரில் வருவது பாரமா காலியா என்பதை வளைவுக்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாரம் ஏற்றிய லோரியின் முனகல் வேறு, காலி லோரியின் கடகடப்பு வேறு. காதை நம்பி ஓட்டுகிற பாதை அது. இந்தப் பாதையில் சத்தமே இல்லாமல் வரக்கூடியவை இரண்டுதான். ஒன்று சைக்கிள், இன்னொன்று நான்.

அந்தச் சைக்கிள் பெரியப்பாவுடையது. பெரியப்பா என்றால் இரத்த உறவு இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறார். அவர் தும்மினால் எங்கள் வீட்டில் "நூறாயுசு" என்போம், எங்கள் வீட்டில் மீன் பொரித்தால் அவர் தட்டோடு வருவார். அம்மாவை "தங்கச்சி" என்பார், என்னை "பாப்பா". முப்பதைத் தொடப் போகிறவளைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பெரியம்மா பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்கு ஜொகூருக்குப் போயிருந்தார். அப்பா இறந்த பிறகு எங்கள் கூரையில் ஏறித் தகரம் மாற்றியவர் பெரியப்பாதான்.

வேலை செய்த காலம் முழுவதும் கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றினார். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குள் அந்த லோரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சைக்கிளில் ஒரு பையில் கீரை வைத்திருந்தாலும் அது பாரம், மலைப்பக்கம்தான் போவார். சைக்கிளும் அவரைப் போலவே பழையது. ஒரு பக்கத்துக் கைப்பிடியில் ரப்பர் கழன்று போய்ப் பல காலமாகிவிட்டது. குழாயின் வட்ட வாய் வெறுமனே பளபளத்துக்கொண்டிருக்கும். மாற்றச் சொன்னால், "புடிக்கக் கை இருக்கு, ரப்பர் எதுக்குலா?" என்பார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை நீல ஐசி, குடிமக்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. எங்கள் லைனில்தான் பிறந்தார், ஆனால் அவர் அப்பா பிறப்பைப் பதியவில்லை. கடைசியில் கிடைத்தது சிவப்பு ஐசி. இங்கே வாழலாம், வேலை செய்யலாம், சாகலாம், குடிமகன் மட்டும் இல்லை. ஓட்டுப் போடும் நாளில் லைன் முழுக்க மை வைத்த விரலோடு திரும்பி வரும்போது அவர் மட்டும் கீரைப் பாத்தியில் குனிந்துகொண்டிருப்பார். இரண்டு முறை மனுப் போட்டார். இரண்டு முறையும் நேர்முகத்தில் மலாய் பேசத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரியாமல் இல்லை. பிரிஞ்சாங் சந்தையில் அவர் பேரம் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி உட்கார்ந்து, "உங்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "என்னத்தச் சொல்றது பாப்பா? பொறந்தேன், மூட்ட தூக்குனேன். அதுக்கப்புறம் என்னா இருக்கு?" என்பார்.

மூன்றாவது தடவையாக நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாலைகளில் எங்கள் வாசலில் உட்கார்ந்து என்னோடு மலாய் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். நான் அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். அம்மா உள்ளேயிருந்து சிரிப்பார். பெரியப்பாவுக்கு வியர்க்கும். அந்த நாட்களில்தான் இது நடந்தது.

காலை நேரம், பனி முழுக்க விலகவில்லை. நான் இடது பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இடது மலைப்பக்கம். நகரத்தில் பழகிய கால், இடதை விட்டு நகராது. பெரியப்பா கீழேயுள்ள மளிகைக் கடையில் அரிசி வாங்கி, பின்னால் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். பாரம் இருக்கிறதே, அவரும் மலைப்பக்கம். வளைவில் திரும்பியபோது எனக்கு முன்னால் ஒரு வெள்ளை மூட்டையும் அதற்கு முன்னால் ஒரு முகமும் தெரிந்தன. பிரேக் பிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பள்ளத்துப் பக்கமாகக் கைப்பிடியைத் திருப்பினார். திருப்பிய கைப்பிடியின் நுனி நேராக என் வயிற்றில், இடது விலாவுக்குக் கீழே இறங்கியது.

மூச்சு வரவில்லை. அதுதான் நினைவிருக்கிறது. வலியெல்லாம் அப்புறம். வாயைத் திறக்கிறேன், காற்று உள்ளே போக மறுக்கிறது. அவர் தேயிலைச் செடிமேல் விழுந்து எழுந்து, என்மேல் கிடந்த சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டு, "பாப்பா, பாப்பா" என்று என் கன்னத்தைத் தட்டினார். ரோடு முழுக்க அரிசி. கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்துவிட்டது. எழுந்து நின்றேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் அம்மா மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றார். கிளினிக் என்றதும் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே நினைப்பு வந்தது. ரோட்டில் அடிபட்டது என்று சொன்னால் போலீசில் ரிப்போர்ட் செய்தீர்களா என்று கேட்பார்கள். ரிப்போர்ட் செய்தால் மோதியவர் யார் என்று எழுதுவார்கள். சிவப்பு ஐசிக்காரர், நேர்முகத்துக்குச் சில வாரங்களே இருக்கின்றன, பெயருக்கு நேராக ஒரு போலீஸ் சங்கதி. அது உண்மையில் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு பயம்.

"குசினிப் படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கலாம்" என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானேதான் சொன்னேன்.

"வேணாம் தங்கச்சி. நான்தான் மோதுனேன், நானே போயிச் சொல்லிர்றேன்" என்றார் பெரியப்பா.

"அண்ணே, நீங்க வாயத் தொறக்காதீங்க. கையில ஒரு வீக்கம், அதுக்குப் போயி போலீசு கேசு கோர்ட்டுன்னு அலையணுமா? அவ படியிலதான் விழுந்தா. நான் பார்த்தேன்" என்றார் அம்மா.

வெளியாட்களுக்கு இது விளங்காது. லைனில் நடந்தது ஆபீசுக்குப் போகக்கூடாது என்பது எங்களுக்கு நடை பழகும்போதே பழகிவிடும். வெள்ளைத் துரை காலத்திலிருந்து வருகிற பழக்கம். லைனுக்குள் அடித்துக்கொள்வோம், மாதக்கணக்கில் பேசாமல் இருப்போம். ஆனால் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வந்து என்ன நடந்தது என்று கேட்டால் ஒட்டுமொத்த லைனும் "ஒண்ணும் இல்லீங்களே" என்று நிற்கும். துரை போய் மேனேஜர் வந்தார், கங்காணிகள் போய் இன்று கொழுந்து வெட்டுபவர்களில் பாதிப்பேர் வங்காளதேசத்துக்காரர்கள். அந்தப் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. கிளினிக்கும் எங்களுக்கு ஆபீஸ்தான், மேசை இருக்கும் இடமெல்லாம் ஆபீஸ்தான்.

அன்று மத்தியானத்துக்குள் நான் படியில் விழுந்தது ஊரறிந்த சேதியாகிவிட்டது. மோதியதை நேரில் பார்த்துவிட்டு அரிசி பொறுக்கிக் கொடுத்தவர்கள்கூட அம்மாவிடம் வந்து, "அந்தப் படியில பாசி புடிச்சிருக்கு, அப்பவே சொன்னேன்ல" என்றார்கள். அம்மா பிரஷ்ஷை எடுத்துப் படியைத் தேய்த்துக் கழுவினார். திட்டிக்கொண்டே கழுவினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே படிமேல் கோபம் வந்தது.

கிளினிக்கில் மணிக்கட்டைப் பார்த்தார்கள், கட்டுப் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வேறு எங்காவது அடி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். கிளினிக்குக்குக் கிளம்பும் முன் குளிக்கும்போது பார்த்திருந்தேன், விலாவுக்குக் கீழே ஒரு வட்டம். இருபது காசை வைத்து அழுத்தின மாதிரி, ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் ஒன்றுமில்லாமல். படியில் விழுந்தவளுக்கு வயிற்றில் குழாய் வாயின் அச்சு எப்படி வரும்? சட்டையைத் தூக்கிக் காட்டினால் கதை முடிந்தது. அதனால் காட்டவில்லை. மருத்துவர்மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை, நாங்கள் சொன்ன பொய்க்கு அவர் சரியான வைத்தியம் பார்த்தார்.

மறுநாள் வயிறு கனத்தது. பெரிதாக வலிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு மறுநாள் இடது தோள் வலிக்கத் தொடங்கியது. தோளில் அடியே படவில்லை. படுத்தால் வலி கூடியது. அம்மா சுளுக்கு என்று சொல்லித் தைலம் போட்டு உருவி விட்டார். பெரியப்பா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இப்ப எப்படி இருக்கு தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "சுளுக்குதாண்ணே" என்று அம்மா பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தவள் அடுப்படியில் விழுந்தேன். இந்த முறை உண்மையாகவே குசினியில் விழுந்தேன், யாருக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கத் தோன்றவில்லை. உடம்பெல்லாம் வியர்த்துச் சில்லிட்டிருந்ததாம், உதடு வெளுத்திருந்ததாம். அக்கம்பக்கத்தார் என்னைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். பெரியப்பா அவர் வாசலில் நின்றார். அம்மா வேனில் ஏறும்போது அவரைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவசரப் பிரிவில் ஒரு மலாய்ப் பெண் மருத்துவர், என்னைவிடச் சின்னவள். எப்படி விழுந்தாய், எங்கே விழுந்தாய் என்று கேட்டாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கா. தாப்புர்" என்றார். படி, குசினி. அம்மாவுக்குத் தெரிந்த மலாயில் அந்தப் பொய் இரண்டே வார்த்தைகளுக்குள் அடங்கிவிட்டது. மருத்துவர் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் தோளைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள், மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். நான் சொன்னதும் என் உடம்பு சொன்னதும் அவளுக்குப் பொருந்தவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: கண்ணை மூடித் தூங்கினால் போதும்.

அப்போதுதான் பெரியப்பா உள்ளே வந்தார். காய்கறி லோரி ஒன்றை மறித்து ஏறி வந்திருக்கிறார். காலில் தோட்டத்து பூட்சு, அதில் ஒட்டின மண்ணோடு. ஒரு தாதி வெளியே நிற்கச் சொல்லிக் கையைப் பிடித்தார். அவர் கையை உதறிவிட்டு நேராகக் கட்டிலருகே வந்து நின்றார்.

"புக்கான் தங்கா, டாக்டர்" என்றார். படி இல்லை, டாக்டர். "சாயா. சாயா லங்கார் டியா. பாசிக்கால் சாயா." நான்தான். நான்தான் இவளை மோதினேன். என் சைக்கிள்.

அம்மா "அண்ணே" என்றார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மலாயில் சொல்லிக்கொண்டே போனார். வளைவு, பனி, அரிசி மூட்டை, ஸ்கேட், தான் மலைப்பக்கம் வந்தது, கைப்பிடியைத் திருப்பியது, அதில் ரப்பர் இல்லாதது, இவள் மூச்சு நின்றது, ரிப்போர்ட்டுக்குப் பயந்து எல்லாரும் பொய் சொன்னது. எந்த இடத்தில் குத்தியது என்று காட்ட, தன் சட்டையைத் தூக்கி, தன் வயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்தினார். வாக்கியம் உடைந்தது, வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் சொன்னார், ஆனால் நிற்கவே இல்லை. எங்கள் வாசலில் உட்கார்ந்து பெயரையும் ஊரையும் சொல்லவே வியர்த்தவர் அவர்.

எனக்கு அப்போது நன்றியெல்லாம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றி வைத்ததை வந்து கெடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். மயக்கத்தின் விளிம்பில் இருந்துகொண்டும் எனக்கு அவர் நேர்முகம்தான் பெரிதாகத் தெரிந்தது.

மருத்துவர் என் சட்டையைத் தூக்கினாள். வட்டம் இப்போது கறுத்திருந்தது. அவள் வயிற்றில் விரல் வைத்ததும் நான் கத்தினேன். அதன் பிறகு அந்த அறையில் எல்லாரும் ஓடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருந்தது. இரத்தம் ஏற்றிக்கொண்டே ஆம்புலன்சில் ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது மட்டும் லேசாக நினைவிருக்கிறது.

மண்ணீரல் கிழிந்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். தோள் வலி தோளின் வலியே இல்லை, வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் செய்த வேலை என்று பிறகு விளக்கினார்கள். சைக்கிள் கைப்பிடியின் நுனி வெளியே ஒரு வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு உள்ளே கிழித்துவிடும் என்றார் அறுவை செய்த மருத்துவர். சைக்கிளோடு விழும் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறாராம். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆம்புலன்சே தேவைப்பட்டிருக்காது என்று அவர் அம்மாவிடம் தனியாகச் சொன்னார். அம்மா அதை என்னிடம் சொல்லப் பல மாதங்கள் பிடித்தன.

வார்டில் படுத்திருந்த நாட்களில் நிறைய யோசித்தேன். எங்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஒருவருக்காக ஒரு லைனே பொய் சொல்லும், சலிக்காமல், ஒரு பிசிறில்லாமல். அந்த அன்பு என்னைச் சாகும்வரை கொண்டுபோய்விட்டது. என்னைச் சாகவிட யாரும் நினைக்கவில்லை. நானே நினைக்கவில்லை. அட்டையின் நிறம் எல்லார் கண்ணையும் மறைத்துக்கொண்டிருந்தது, அந்த அட்டைக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் மறைக்கவில்லை. பக்கத்துக் கட்டில் சீன மூதாட்டி ஏன் அழுகிறாய் என்று சைகையில் கேட்டாள். வயிறு வலிக்கிறது என்று சைகையில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு போலீசில் ரிப்போர்ட் எழுதினோம். பெரியப்பாவும் நானும் சேர்ந்தே போனோம். இவ்வளவு தாமதமா என்று கடிந்துகொண்டார்கள், ரோட்டில் ஸ்கேட் ஓட்டினாயா என்று என்னைத் தனியாக ஒரு பாட்டம் திட்டினார்கள். பெரியப்பா சிவப்பு ஐசியை நீட்டியபோது எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, குடிமகன் அல்ல என்று எழுதினார். இருக்கிற நிலையைத்தான் எழுதினார், அவர்மேல் தப்பில்லை. அடிபட்டவள் குடிமகள், மோதியவர் குடிமகன் அல்ல. வாசிக்கும் யாருக்கும் எங்கிருந்தோ வந்த ஒருவன் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் போனதாகத்தான் தோன்றும். பேனாவை வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கையெழுத்துப் போடு பாப்பா, நேரமாவுதுல்ல" என்றார் அவர். போட்டேன்.

நேர்முகத்துக்கு நான்தான் கூடப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, காலில் மகன் வாங்கிக்கொடுத்த சப்பாத்து, கையில் ஐசியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். போகும் வழியெல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன்: பெயரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள், தேயிலை எப்படி நடுவது என்று சொல்லுங்கள். ரிப்போர்ட் பற்றி அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், நீங்களாக எடுக்காதீர்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கூப்பிட்டார்கள், உள்ளே போனார். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன இரண்டு தடவையும் சீக்கிரம் வெளியே வந்துவிட்டாராம். இந்தத் தடவை வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள்கூட வேறு அறைகளுக்குப் போய்த் திரும்பிவிட்டார்கள்.

வந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. வெளியே அழைத்துப்போய் ஒரு மாமாக் தேநீர்க் கடையில் உட்காரவைத்து, தே தாரிக் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"என்னா கேட்டாங்க?"

"ஒங்க வாழ்க்கையில நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லுங்கன்னாங்க."

"என்னா சொன்னீங்க?"

"நீ அடிபட்ட கதையத்தான் சொன்னேன். ஆரம்பத்துலேர்ந்து. மலாய் நல்லா வந்துச்சு பாப்பா, நிக்காம வந்துச்சு. அந்த ஆபீசர் அம்மா எழுதுறத நிறுத்திட்டுக் கேட்டாங்க."

"போலீஸ் ரிப்போர்ட்டு, நாம பொய் சொன்னது, நீங்க டாக்டர்ட்ட வந்து அத ஒடச்சது, அதையெல்லாமுமா?"

"எல்லாத்தையும்தான்."

எனக்கு வந்த கோபத்தில் தே தாரிக் ஆடிச் சிந்தியது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல பெரியப்பா? அவங்களா கேக்காம எதுக்கு அத எடுத்தீங்க? அந்த ஒரு எடத்த மட்டும் விட்டுட்டுச் சொல்லியிருக்கக்கூடாதா?"

அவர் மேசையில் சிந்தியதை விரலால் ஓரத்துக்கு வழித்துவிட்டார்.

"எப்படிம்மா விடறது? அந்த எடத்த விட்டுட்டுச் சொன்னா, கதையில நீ செத்துல்ல போயிருவ."